ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில்

கடுகு என்பது அவளுடைய நிஜப் பெயர் இல்லை. வகுப்பில் உயரப்படி வரிசையில் நிற்கச் சொன்னால் அவள்தான் எப்போதும் முதல் ஆள். அவ்வளவு குட்டி. அதனால் வீட்டில் ஆரம்பித்து வாசல் வாட்ச்மேன் வரைக்கும் எல்லாருக்கும் அவள் கடுகுதான்.

"எங்க கடுகுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது" என்று அவள் அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அது உண்மை இல்லை. ஒன்பதாவது மாடியில், அவர்கள் வீட்டு வரிசையிலேயே கோடியில் இருந்த பல் மாமாவைக் கண்டால் கடுகுக்குப் பயம்.

பல் மாமா என்ற பெயரை வைத்தது கீழே சைக்கிள் ஓட்டும் பிள்ளைகள். அவர் வாட்டசாட்டமான ஆள். முகத்தில் பாதி தாடி. காதில் எந்நேரமும் பெரிய ஹெட்போன். தோளில் ஒரு கறுப்புப் பை.

"அந்தப் பைக்குள்ள மனுசப் பல்லு இருக்கு. என் கண்ணால பாத்தேன்" என்று மூன்றாவது மாடிப் பையன் ஒருநாள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

பல்லை விடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. சாயங்காலமானால் அவர் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து டமால், டுமீல் என்று சத்தம் வரும். நடுவில் அவருடைய குரல் கர்ஜிக்கும்.

"வா... வா... இன்னிக்கு நீ செத்த!"

யாரை வரச் சொல்கிறார், வந்தவர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டைத் தாண்டும்போதெல்லாம் கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவாள்.

அன்று பள்ளி விட்டதும் அம்மாவும் அவளும் கடைக்குப் போய்விட்டுக் காய்கறிப் பையோடு திரும்பினார்கள். லிஃப்டுக்குள் நுழைந்ததும் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அய்யோ, குடையை வாட்ச்மேன் மேஜையிலயே வெச்சுட்டேன். கண்ணு, கதவு மூடாம பட்டனைப் பிடிச்சுக்கோ. இதோ வந்துடறேன்."

கடுகு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அம்மா மறைந்தார். அப்போதுதான் தொம் தொம் என்று காலடிச் சத்தம் கேட்டது.

பல் மாமா!

அவர் உள்ளே வந்தார். லிஃப்டில் பாதி இடம் காணாமல் போயிற்று. கடுகு தன்னை அறியாமல் பின்வாங்கி மூலையில் ஒட்டிக்கொண்டாள். விரல் பட்டனை விட்டுவிட்டது. கதவு மூடிக்கொண்டது.

"அம்மா!" என்று கத்த நினைத்தாள். 

அதற்குள் லிஃப்ட் மேலே கிளம்பியது. பல் மாமா அவளைப் பார்க்கவே இல்லை. கண்களை இறுக மூடிக்கொண்டு உதடுகளை மட்டும் அசைத்து ஏதோ முணுமுணுத்தார். மந்திரமாக இருக்குமோ? கடுகு எண் பலகையையே பார்த்தாள். நாலு... அஞ்சு... ஆறு...

டொக்!

ஒரு குலுக்கல். விளக்கு அணைந்தது. மேலே ஓடிக்கொண்டிருந்த குட்டி ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. லிஃப்டும் நின்றது.

கும்மிருட்டு. எதுவோ பொத்தென்று தரையில் விழுந்தது. கலகலவென்று சின்னச் சின்னப் பொருள்கள் உருண்டு வந்து கடுகின் செருப்பில் மோதின.

கூரையில் ஒரு சின்ன விளக்கு மினுக்மினுக்கென்று எரிய ஆரம்பித்தது. கடுகு குனிந்து பார்த்தாள்.

பல்!

ஈறோடு சேர்ந்த ஒரு வரிசைப் பல் அவள் காலடியில் கிடந்து இளித்தது. பக்கத்தில் இன்னொரு வரிசை.

கடுகு வீறிட்டாள். கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டு, அடுத்து என்ன நடக்கப்போகிறதோ என்று காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. 'உஸ்... உஸ்...' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள்.

பல் மாமா எதிர்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். முகமெல்லாம் வேர்வை. கைகள் வெடவெடவென்று நடுங்கின. பல்லைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"காத்து இல்ல," என்றார் அவர். "காத்து இல்ல... காத்தே இல்ல..."

இவ்வளவு பெரிய ஆள் பயந்து கடுகு பார்த்ததே இல்லை. பல்லை விட அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. பெரியவரே இப்படி நடுங்கினால் நிலைமை எவ்வளவு மோசம்!

பட்டன் பலகையில் மணிப் படம் போட்ட சிவப்புப் பட்டன் இருந்தது. எட்டி எட்டி அதை அழுத்தினாள். சிறு ஓட்டைகளிலிருந்து கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"யாருங்க?"

"நான்தான், கடுகு!"

"என்னது கடுகா? இது மளிகைக் கடை இல்லீங்க, மாத்திப் பண்ணிட்டீங்க."

"வாட்ச்மேன் அண்ணா! ஒன்பதாவது மாடிக் கடுகு! லிஃப்ட்ல மாட்டிக்கிட்டோம்!"

"அய்யய்யோ, நம்ம பாப்பாவா! தெருவுக்கே கரண்ட் இல்லம்மா. மெக்கானிக்குக்குச் சொல்லியாச்சு, அடுத்த தெருவுலேருந்து வந்துட்டிருக்காரு. கதவுல மட்டும் கையை வெச்சுடாதீங்க. லிஃப்ட் திடீர்னு நகந்தா ஆபத்து."

நடுவில் அம்மாவின் குரல் பதறியது. "கண்ணு! பயப்படாத! கூட யாரு இருக்கா?"

"கோடி வீட்டு மாமா," என்றாள் கடுகு.

"அப்பாடா, பெரியவங்க யாராவது கூட இருக்கா—"

கொர்ரென்று ஒரு சத்தம். அதோடு அந்த ஓட்டைகள் ஊமையாகிவிட்டன. கடுகு திரும்ப அழுத்தினாள். பதில் இல்லை.

"மாமா, உங்க போன்?"

"சார்ஜ் இல்ல," என்றார் அவர் மூச்சு வாங்க. "கேம் ஆடி ஆடித் தீந்துபோச்சு. இப்ப உள்ள கேம் எல்லாம் போனையே குடிச்சுடும்."

சொல்லிவிட்டு அவர் கதவுப் பக்கம் திரும்பினார். நடுவில் இருந்த கோட்டுக்குள் விரல்களை நுழைத்தார்.

"மாமா, வேண்டாம்!"

அவர் காதில் விழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கதவை இழுத்தார். க்ரீச் என்று அது ஒரு சாண் அகலம் திறந்தது. வெளியே சாம்பல் நிறச் சிமென்ட் சுவர். மேலே, அவர் தலைக்குப் பக்கத்தில், ஏழாவது மாடியின் வெளிச்சம் மெல்லிய கீற்றாகத் தெரிந்தது.

"ஒரு சந்து இருக்கு. ஏறிடறேன். வெளிய போயிடறேன்," என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

பாதி உடம்பு வெளியே இருக்கும்போது லிஃப்ட் நகர்ந்தால்?  கடுகு பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மலையை இழுப்பது போலிருந்தது. ஆனால் சட்டை இழுபட்டதில், அதன் முன்பக்கத்தில் இருந்த படம் அவள் மூக்குக்கு நேரே வந்தது. சதுரம் சதுரமாக ஏதோ ஒரு பூச்சி.

"மாமா! உங்க சட்டையில எறும்பு!"

அவர் கை நின்றது. "எங்க?"

"இதோ, படத்துல. எறும்புதானே? இல்ல, கரப்பான்பூச்சியா?"

"கரப்பான்பூச்சியா!" அவர் இரண்டு கைகளையும் கதவிலிருந்து எடுத்துச் சட்டையை விரித்துக் காட்டினார். கதவு டப்பென்று மூடிக்கொண்டது. "நல்லாப் பாரு. இது விண்கப்பல்! நான் ஆடின முதல் வீடியோ கேம்ல வர்ற விண்கப்பல்!"

"விண்கப்பல் மாதிரியே இல்லையே. கட்டம் கட்டமா இருக்கு."

"அந்தக் காலத்துல எல்லாமே கட்டம்தான். கொஞ்சம் கட்டத்துக்குள்ள மூக்கு, இறக்கை, பின்னாடி வர்ற நெருப்பு எல்லாத்தையும் கொண்டு வரணும். மீதியை நாமதான் மனசுல வரைஞ்சுக்கணும்."

கடுகு ஒன்றைக் கவனித்தாள். இதைச் சொல்லும்போது அவர் கதவைப் பார்க்கவில்லை. 'உஸ் உஸ்' சத்தமும் குறைந்திருந்தது. அப்படியானால் பேச வைக்க வேண்டும். விடாமல் பேச வைக்க வேண்டும். அவளுக்கு வீடியோ கேம் பற்றி அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சண்டை பிடிக்க நன்றாகத் தெரியும்.

"அப்ப அது ஒரே போர். எங்க கிளாஸ்ல ஆடற கேம்ல மூஞ்சியில வேர்வைகூடத் தெரியும்."

"வேர்வை தெரிஞ்சுட்டா நல்ல கேமா?" பல் மாமாவுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "பழைய கேம்ல மூணே உயிர். மூணும் போச்சுன்னா முதல்லேருந்து வரணும். நடுவுல நிறுத்தி வைக்க வழியே கிடையாது. ஒருநாள் கடைசிக் கட்டம் வரைக்கும் போயிட்டேன். கை நடுங்குது. அப்பப் பாத்து எங்க அப்பா வந்து, நியூஸ் பாக்கணும்னு டிவியைப் பட்டுனு மாத்திட்டாரு!"

"அச்சச்சோ!"

"ரொம்ப நாள் அவரோட பேசவே இல்ல."

"அப்ப புதுசுதானே நல்லது? நிறுத்தின இடத்துலேருந்தே ஆடலாமே."

அவர் தாடியைச் சொறிந்தார். "சரி, அதை ஒத்துக்கறேன். ஆனா புதுசுல எங்க போகணும்னு அம்புக்குறி போட்டுக் காட்டறாங்க. வலது பக்கம் போ, கதவைத் திற, அதை எடுத்துட்டு வா. அது கேமா? கடைக்கு அனுப்பற அம்மாவா?"

கடுகுக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் மறுபடி கதவைப் பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது.

"காத்து..." என்று ஆரம்பித்தார்.

கடுகு சட்டென்று கீழே உட்கார்ந்து கதவின் அடியில் கையை வைத்தாள். "இங்க வருது மாமா! சில்லுனு. நீங்களே பாருங்க."

அவர் குனிந்து பெரிய கையை அவள் கைக்குப் பக்கத்தில் வைத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார். "ஆமா. வருது."

கீழே கிடந்த பற்கள் இப்போது இருவருக்கும் நடுவில் இருந்தன. கேட்கலாமா, வேண்டாமா? 

"மாமா... இது யாரோட பல்லு?"

"இதுவா? இன்னும் யாரோடதும் இல்ல. நாளைக்கு ஒருத்தர் வாய்க்குள்ள போகும். பல் செட்டு செய்யறதுதான் என் வேலை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவாங்க, நான் செஞ்சு கொடுப்பேன்." அவர் ஒன்றை எடுத்துத் துடைத்தார். "இவர் ஆப்பிள் கடிச்சு ஆறு வருசம் ஆச்சாம். பாவம்."

கடுகு தன் காலடியில் கிடந்ததை இரண்டு விரலால் எடுத்து அவரிடம் நீட்டினாள். பிளாஸ்டிக். வெறும் பிளாஸ்டிக். துணிச்சல் கொஞ்சம் கூடியது.

"அப்ப தினமும் சாயங்காலம் யாரை நீங்க சாகடிக்கிறீங்க?"

"நானா? சாகடிக்கிறேனா?" அவர் விழித்தார். பிறகு அவர் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது. "அது எங்க அக்கா! வேற நாட்டுல இருக்கா. சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்து கேம் ஆடுவோம். கத்தறதுதான் நான். சாகறதும் நான்தான். தினமும் என்னைச் சுட்டுத் தள்ளுவா. சின்ன வயசுல ஒரே பாய்ல உக்காந்து, முழங்கையால இடிச்சுக்கிட்டு ஆடுவோம். இப்ப அவ்வளவு தூரத்துலேருந்தும் ஆட முடியுது. அதனால புது கேமை நான் திட்டமாட்டேன். சரி, திட்டுவேன். ஆனா விடமாட்டேன்."

அப்போது லிஃப்ட் கீழே சரிந்தது.

ஒரு சாண்தான் இருக்கும்.  எங்கோ இரும்பு உரசும் சத்தம். கூரையில் மினுக்கிக்கொண்டிருந்த விளக்கும் அணைந்துபோயிற்று.

இருட்டில் பல் மாமாவின் மூச்சு மறுபடி வேகமெடுத்தது.

"நான் அந்தச் சந்துல ஏறியிருந்தா..." என்றார். 

ஏதாவது கேட்க வேண்டும் என்று கடுகு தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. தன் கை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத இருட்டு. அடியில் ஆறு மாடிப் பள்ளம். அம்மா எங்கேயோ கீழே. கன்னத்தில் சூடாக ஏதோ வழிந்தது.

"மாமா," என்றாள். குரல் உடைந்துவிட்டது. "எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. ஏதாவது பேசுங்க. எதையாவது பேசிட்டே இருங்க."

 கொஞ்ச நேரத்தில், சட்டை சுவரில் உரசிக்கொண்டே கீழே இறங்கும் ஓசை கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உக்காரு," என்றார் மெதுவாக. "சுவத்துல சாஞ்சுக்கோ. பழைய கேம்ல ஒரு ஊர் வரும். ஊர் முழுக்கப் பனிமூட்டம். கை நீட்டினா கை தெரியாது."

"இப்பப் போய்ப் பயமான கதையா சொல்லுவீங்க?"

"முழுசாக் கேளு. அந்தப் பனிக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம நான் நடுங்கிப்போவேன். எங்க அக்காதான் சொன்னா. 'டேய், அதுக்குள்ள ஒண்ணும் இல்லடா. தூரத்துல இருக்கற வீட்டையெல்லாம் வரைய அந்த மெஷினுக்குச் சக்தி பத்தல. அதான் பனியைப் போட்டு மூடி வெச்சிருக்காங்க.'"

"அப்ப உள்ள பேய் இல்லையா?"

அவர் யோசித்தார். "எப்பவாவது ஒண்ணு இருக்கும். உங்கிட்ட பொய் சொல்லமாட்டேன். ஆனா முக்கால்வாசி நேரம் ஒண்ணுமே இருக்காது."

கடுகு மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "புது மெஷினுக்கு நிறைய சக்தி இருக்குல்ல? அப்ப பனி வேண்டாமே."

"வேண்டாம். ஆனா அதுக்கும் சில சமயம் நேரம் தேவைப்படும். அப்ப என்ன பண்ணுவாங்க தெரியுமா? நம்மள லிஃப்ட்ல ஏத்திடுவாங்க."

"கேம்லயும் லிஃப்டா?"

"ஆமா. நம்பர் மாறும், சத்தம் வரும், போற மாதிரியே இருக்கும். ஆனா அது எங்கயும் போகாது. நாம உள்ள நிக்கற நேரத்துல அடுத்த இடத்தை மெஷின் வெளிய தயார் பண்ணிட்டிருக்கும். தெரு, மரம், வீடு எல்லாத்தையும். எல்லாம் ரெடியானதும் கதவு திறக்கும்." அவர் குரல் தாழ்ந்தது. "கேம்லகூட லிஃப்ட் வந்தா நான் கண்ணை மூடிப்பேன். நிஜ லிஃப்ட்ல ஹெட்போன்ல பாட்டைப் போட்டுக்குவேன். இன்னிக்குச் சார்ஜ் இல்ல, அதான் நானே முணுமுணுத்துக்கிட்டு வந்தேன்."

மேலே எங்கோ 'க்ளிங்... க்ளிங்...' என்று கேட்டது. யாரோ இரும்பைத் தட்டுகிறார்கள். ஒரு ஆள் ஏதோ கத்த, இன்னொரு ஆள் பதில் கத்தினார்.

கடுகு காதைத் தீட்டிக்கொண்டாள்.

"மாமா, கேக்குதா? வெளிய தயார் பண்றாங்க."

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். லிஃப்ட் ஒருமுறை சிணுங்கியது. பிறகு இறங்க ஆரம்பித்தது. அங்குலம் அங்குலமாக, நின்று நின்று. ஒவ்வொரு அசைவுக்கும் பல் மாமாவின் தோள் துள்ளியது. கடுகு இருட்டில் துழாவி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் தன் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டார்.

"தெரு வந்தாச்சு," என்றாள் கடுகு.

"மரமும் வந்தாச்சு," என்றார் அவர். குரல் நடுங்கியது.

"வீடெல்லாம்?"

"பெரிய வீடு. கொஞ்சம் நேரமாகும்."

கதவு திறந்தது.

கண் கூசும் வெளிச்சம். ஆறாவது மாடி. டார்ச்சோடு மெக்கானிக், வியர்த்து விறுவிறுத்த வாட்ச்மேன், எல்லாரையும் தள்ளிக்கொண்டு அம்மா. அம்மா அவளை அள்ளி எடுத்து இறுக்கியதில் கடுகுக்கு லிஃப்டில் முட்டாத மூச்சு அப்போது முட்டியது.

"எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா!" அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பல் மாமாவைப் பார்த்தார். "ரொம்ப நன்றிங்க. நீங்க கூட இருந்ததாலதான் குழந்தை தைரியமா இருந்திருக்கு."

பல் மாமாவின் காது சிவந்தது. "இல்லீங்க. உண்மைல..." என்று அவர் ஆரம்பித்தார். வாட்ச்மேனையும் மெக்கானிக்கையும் பார்த்தார். 

"ரெண்டு பேரும் பயந்தோம்மா," என்றாள் கடுகு. "மாத்தி மாத்தி."

பல் மாமா தலையை ஆட்டினார். "ஆனா நான்தான் நிறைய," என்றார்.

கரண்ட் வந்ததும் லிஃப்ட் ஓடும் என்றார் மெக்கானிக். கடுகும் அம்மாவும் பல் மாமாவும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படிக்கட்டில் ஏற ஆரம்பித்தார்கள். பல் மாமாவுக்கு மூச்சு வாங்கியது. வாய் மட்டும் ஓயவில்லை.

"எல்லாத்துலயும் கஷ்டம் அந்தக் கோட்டை கேம்தான்," என்றார் எட்டாவது மாடித் திருப்பத்தில் நின்று. "கடைசில வர்ற பூதத்தை ஜெயிச்சவங்க யாரையும் நான் பாத்ததே இல்ல."

"அது ரொம்ப சுலபமாச்சே," என்றார் அம்மா. "இடது பக்கத் தூணுக்குப் பின்னால உக்காந்துட்டா, அதால நம்மள ஒண்ணும் பண்ண முடியாது."

பல் மாமா வாயைப் பிளந்தார். கடுகும்தான்.

"அம்மா! நீயா?"

"ஏன், நான் சின்னப் பொண்ணா இருந்ததே இல்லையா?"

"தூணுக்குப் பின்னால ஒளியறது ஏமாத்துங்க!" என்றார் பல் மாமா.

"ஏமாத்தா? தோத்தவங்க எல்லாரும் இதைத்தான் சொல்லுவாங்க." அம்மா காய்கறிப் பையைப் படியில் வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டார். "சரி, அந்தத் தூணை எதுக்கு அங்க வெச்சிருக்காங்க? சொல்லுங்க பாக்கலாம்."

கடுகு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இது இப்போதைக்கு முடிகிற கதையாகத் தெரியவில்லை. அம்மாவின் கையிலிருந்து சாவியை உருவிக்கொண்டு தாவித் தாவி மேலே ஏறினாள். கதவைத் திறந்தாள். முகம் கழுவினாள். ஒரு செம்பு தண்ணீரை நின்றபடியே மடமடவென்று குடித்தாள். சோபாவில் ஏறிக் காலை நீட்டிப் படுத்தாள்.

வெளியே படிக்கட்டில் பூதம் இன்னும் செத்தபாடில்லை.